ஓரம் கோணாமல் பின்னுதல்: உடனிருப்போருக்கு ஒரு குரோஷாப் பாடம்

மருத்துவமனையில் நோயாளருடன் தங்கியிருப்போரின் கைகள் பெரும்பாலும் வெறுங்கைகளாகவே இருக்கின்றன. மருந்து கொடுக்கும் நேரமும் மருத்துவர் வரும் நேரமும் போக, எஞ்சிய நாள் முழுவதும் காத்திருத்தலிலேயே கழிகின்றது. அந்த நேரத்தில் ஒரு குரோஷா ஊசியும் ஒரு நூல் உருண்டையும் பெருந்துணையாகும். அவற்றுக்கு மேசை வேண்டா, மின்சாரம் வேண்டா, ஓசையும் இல்லை. செவிலியர் அழைத்தால் அப்படியே கீழே வைத்துவிட்டு எழலாம். ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி என்பதால் வேலை குலைவதும் அரிது.

ஆயினும், இதைத் தொடங்கியவருள் பலர் பாதியிலேயே விட்டுவிடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். காரணத்தைக் கேட்டால் அநேகமாக ஒரே விடைதான் கிடைக்கும்: "ஓரம் கோணுகிறது." ஆகவே இவ்விதழில் ஓரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

சீவலப்பேரியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார்

கருவுற்ற மகளுக்குப் படுக்கையிலேயே ஓய்வு வேண்டும் என்று கூறப்பட்டிருந்தது. உடனிருந்த தாயார் சீவலப்பேரியைச் சேர்ந்தவர். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கென்று இளமஞ்சள் நூலில் ஒரு போர்வை பின்னத் தொடங்கியிருந்தார். நாலைந்து நாட்களில் அதை மடித்துப் பையினுள் வைத்துவிட்டார். நாங்கள் கேட்டபோது தயங்கித் தயங்கி எடுத்துக் காட்டினார். அடியில் அகலமாகத் தொடங்கிய துணி, மேலே செல்லச் செல்ல இருபுறமும் குறுகி, கூரைமுகடு போல் ஆகிக்கொண்டிருந்தது.

"எம் மனசு ஒரு நிலையில இல்ல சிஸ்டர். அதான் துணியும் கோணுது. பாத்துட்டுப் போன எங்க மதினி, புள்ளைக்குப் பின்னுறது இப்படிக் கோணக்கூடாது, சகுனம் சரியில்லன்னு சொல்லிட்டாங்க. அதோட எடுத்து வச்சிட்டேன்" என்றார்.

நாங்கள் அப்போர்வையை மடியில் விரித்துக் கண்ணிகளை எண்ணினோம். முதல் வரிசையில் 40 கண்ணிகள் இருந்தன. இரண்டாம் வரிசையில் 39. மூன்றாவதில் 38. பத்தாம் வரிசையில் 31. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றே ஒன்று, ஒரு தடவை கூடத் தவறாமல், குறைந்திருந்தது. மனம் அலைபாய்ந்து நேரும் பிழை இவ்வளவு ஒழுங்காக இராது. ஒரு வரிசையில் இரண்டு குறையும். இன்னொன்றில் ஒன்று கூடும். வரிசைக்கு ஒன்று வீதம் குறைகின்றது என்றால், ஒரு விதி அறியப்படாமல் இருக்கிறது என்பதே பொருள். அந்த விதியைத்தான் அவரிடம் கூறினோம். அதையே இங்கும் எழுதுகிறோம்.

பிழை எங்கே நிகழ்கின்றது?

ஏர் உழுவதைக் கண்டவர்கள் இதை எளிதில் அறிவர். வயலின் நடுவே உழவு தவறுவதில்லை. வரப்பை அடைந்து ஏர் திரும்பும் இடத்தில்தான் மண் உழுபடாமல் விடுபட்டுப்போகும். அந்த மூலைகளைப் பிறகு மண்வெட்டியால் கொத்திவிடுவார்கள். குரோஷாவும் அவ்வாறே. ஒரு வரிசையின் நடுவில் எவரும் பெரும்பாலும் பிழை செய்வதில்லை. வரிசை முடிந்து துணியைத் திருப்பும்போது இரண்டு இடங்களில் பிழை நேர்கின்றது: புதிய வரிசையின் முதற்கண்ணி, அதே வரிசையின் கடைசிக் கண்ணி. இவ்விரண்டையும் காத்துக்கொண்டால் ஓரம் தானாகவே நேராக நிற்கும்.

திரும்பும் இடத்தில் ஊசியை அடுத்த வரிசையின் உயரத்துக்கு ஏற்றவேண்டும். அதற்காகச் சில செயின்களைப் போடுகிறோம். இவற்றைத் திருப்பச் செயின் என்று கொள்வோம். இத்திருப்பச் செயினை ஒரு கண்ணியாக எண்ண வேண்டுமா, வேண்டாவா என்பதுதான் முழுச் சிக்கலும்.

பெயர்க்குழப்பம் ஒன்று

விதிக்குள் செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. பிரிட்டன் நாட்டுப் புத்தகங்களும் அமெரிக்கப் புத்தகங்களும் ஒரே பெயரை வெவ்வேறு பின்னலுக்கு வழங்குகின்றன. அமெரிக்கர் சிங்கிள் என்பதைப் பிரிட்டானியர் டபுள் என்பர். அமெரிக்கர் டபுள் என்பதைப் பிரிட்டானியர் டிரெபிள் என்பர். பழைய புத்தகத்தைப் பார்த்துத் தொடங்கி, கைப்பேசியில் காணொளியைப் பார்த்துத் தொடர்ந்தால் உயரம் மாறி ஓரம் கெடும். இக்கட்டுரையில் அமெரிக்க வழக்கையே கொள்கிறோம்.

சிங்கிள்: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுக்க, ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே முறையில் இழுக்கவேண்டும். இது குட்டையானது, நெருக்கமானது.

டபுள்: முதலில் நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு, பின் கண்ணிக்குள் விட்டு இழுக்க, மூன்று வளையங்கள் நிற்கும். இரண்டின் வழியாக ஒருமுறையும், எஞ்சிய இரண்டின் வழியாக மறுமுறையும் இழுக்கவேண்டும். இது நெட்டையானது, வேகமாக வளரும்.

சிங்கிள் பின்னலில் ஓரம்

புதிதாகக் கற்போர் சிங்கிளில் தொடங்குவது நன்று. 20 கண்ணி அகலம் வேண்டுமானால் 21 செயின் போடவேண்டும். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் முதல் சிங்கிளைப் போட்டு, கடைசிச் செயின் வரை செல்ல, 20 கண்ணிகள் கிடைக்கும்.

வரிசை முடிந்ததும் 1 செயின் போட்டுத் துணியைத் திருப்பவேண்டும். இந்த ஒரு செயின் உயரத்துக்காக மட்டுமே. இது கண்ணியாக எண்ணப்படுவதில்லை. ஆகவே அடுத்த சிங்கிளை அதன் அடியிலுள்ள முதற்கண்ணியிலேயே போடவேண்டும். வரிசையின் முடிவில் பழைய திருப்பச் செயின் ஒரு சிறு முடிச்சுப் போல் நீட்டிக்கொண்டிருக்கும். அதனுள் ஊசியை விடலாகாது. விட்டால் வரிசைக்கு ஒன்று கூடித் துணி விரிந்துகொண்டே போகும்.

டபுள் பின்னலில் ஓரம்

அம்மையாரின் போர்வை டபுளில் பின்னப்பட்டது. இங்கே விதி மாறுகின்றது. டபுளுக்குத் திருப்பச் செயின் மூன்று. அம்மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு டபுளின் உயரம் இருப்பதால், வழக்கமாக அவற்றை ஒரு கண்ணியாகவே எண்ணுவர்.

40 கண்ணி அகலத்துக்கு 42 செயின் போடவேண்டும். ஊசியிலிருந்து நான்காவது செயினில் முதல் டபுள். விடுபட்ட மூன்று செயின்கள் ஒரு கண்ணி, எஞ்சிய 39 செயின்களில் 39 டபுள், ஆக 40.

திருப்பும்போது 3 செயின் போட்டால் அதுவே புதிய வரிசையின் முதற்கண்ணி ஆகிவிட்டது. ஆகவே அதன் அடியிலுள்ள கண்ணியை விட்டுவிட்டு, இரண்டாவது கண்ணியில் டபுள் போடவேண்டும். இங்கே ஒன்றை விட்டதால், வரிசையின் முடிவில் பழைய வரிசையின் திருப்பச் செயின் மேல் ஒரு டபுள் போட்டேயாகவேண்டும். அந்த மூன்று செயினில் மேலே உள்ள மூன்றாவது செயின்தான் அதற்குரிய இடம்.

அந்த இடம் கண்ணுக்கு எளிதில் தென்படாது. ஏனைய கண்ணிகளின் தலையில் பின்னல் தெளிவாகத் தெரியும். திருப்பச் செயினோ சற்றே முறுக்கிக்கொண்டு பின்புறமாக ஒதுங்கி நிற்கும். வரிசை முடிந்துவிட்டது என்று எண்ணித் திருப்பிவிடுகிறோம். இதுவே அம்மையாருக்கு நேர்ந்தது. தொடக்கத்தில் ஒன்றை விட்டார், அது சரி. முடிவில் திருப்பச் செயினையும் விட்டார். வரிசைக்கு ஒன்று வீதம் போயிற்று. ஒரு வரிசையில் இடப்புறமும் மறு வரிசையில் வலப்புறமும் போனதால் துணி இருபுறமும் குறுகிற்று.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஓரம் அலைபாய்ந்தால்

சிலர் வேறொன்று கூறுவர்: "எண்ணிப் பார்த்தால் 40 இருக்கிறது, ஆனால் ஓரம் பல்பல்லாக நிற்கிறது." இதற்கும் காரணம் உண்டு. மூன்று செயின் போட்ட பின்னரும் அதன் அடிக்கண்ணியில் ஒரு டபுள் போடுகிறார்கள். அதனால் ஒன்று கூடுகின்றது. முடிவில் திருப்பச் செயினை விடுகிறார்கள், ஒன்று குறைகின்றது. கூட்டலும் கழித்தலும் சமமாகி எண்ணிக்கை பிழையை மறைத்துவிடுகின்றது. ஓரத்தில் மட்டும் செயின்கள் வளையம் வளையமாகப் புடைத்து நிற்கும்.

இதையே ஒரு முறையாகவும் கொள்ளலாம். அதாவது திருப்பச் செயினைக் கண்ணியாக எண்ணுவதேயில்லை என்று முடிவு செய்துகொள்வது. அப்போது அடிக்கண்ணியில் டபுள் போடவேண்டும். முடிவில் திருப்பச் செயினைத் தொடலாகாது. ஆனால் மூன்று செயின் போட்டால் புடைக்கும் என்பதால் இரண்டு செயின் மட்டும், சற்று இறுக்கமாகப் போடவேண்டும். முதல் வரிசைக்கும் இதே கணக்குத்தான்: 40 கண்ணிக்கு 42 செயின், ஊசியிலிருந்து மூன்றாவது செயினில் முதல் டபுள். விடுபட்ட இரண்டும் எண்ணப்படாதவை. மூன்று செயினை எண்ணும்போது ஓரத்தில் தோன்றும் சிறு இடைவெளி இம்முறையில் குறையும்.

இரண்டு முறைகளும் சரியே. காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாகப் பின்னுவதுதான் தவறு. எதைக் கொண்டீர்களோ அதை ஒரு தாளில் எழுதி நூற்பைக்குள் போட்டு வைப்பது நலம். இரவில் உறக்கம் கெட்டவர்களுக்கு மறுநாள் அது உதவும்.

காவலாக ஐந்து பழக்கங்கள்

முதலாவது, அடையாள நூல். ஒவ்வொரு வரிசையிலும் முதற்கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிறத்தில் ஒரு சிறு நூல்துண்டைக் கோத்து வைக்கவேண்டும். திருப்பச் செயினைக் கண்ணியாக எண்ணுவோர் மூன்றாவது செயினைப் போட்ட உடனேயே அதில் கோத்துவிடவேண்டும். திரும்பி வரும்போது அந்நிறம் "இங்கே ஒன்று உண்டு" என்று நினைவூட்டும். சிலர் ஊக்கு மாட்டுவர். படுக்கையில் விழுந்தால் குத்தும் என்பதால் வார்டில் நூலே நன்று.

இரண்டாவது, வரிசைதோறும் எண்ணுதல். ஒரு வரிசையை எண்ணச் சிறிது நேரமே ஆகும். பத்து வரிசைக்குப் பின் பிழையைக் கண்டால் பத்து வரிசையும் பிரிக்கவேண்டிவரும்.

மூன்றாவது, அடிச்செயினின் தளர்ச்சி. அடிச்செயின் இறுக்கமாக இருந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் அடி சுருங்கி, மேற்பகுதி விசிறி போல் விரியும். அடிச்செயினுக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியைப் பயன்படுத்துவது இதற்கு எளிய வழி.

நான்காவது, திருப்பும் திசை. புத்தகத்தின் தாளைத் திருப்புவது போல எப்போதும் ஒரே பக்கமாகத் துணியைத் திருப்பவேண்டும். மாற்றி மாற்றித் திருப்பினால் திருப்பச் செயின்கள் வெவ்வேறு விதமாக முறுக்கிக்கொண்டு ஓரம் ஒன்றுபோல் இராது.

ஐந்தாவது, கையின் இறுக்கம். வரிசையின் முடிவை நெருங்கும்போது விரைந்து முடிக்கும் எண்ணத்தில் நூலை இறுக்குவது இயல்பு. கடைசி மூன்று கண்ணிகளை நடுவிலுள்ளவை போலவே போட முயல்க. கவலையான செய்தி வந்த நாளில் கை இறுகும். அன்று எண்ணிக்கையை மட்டும் காத்துக்கொண்டால் போதும்.

சுற்றோரமும் முடிப்பும்

துணி முடிந்தபின் நான்கு புறமும் ஒரு சுற்று சிங்கிள் போட்டால் சிறு மேடுபள்ளங்கள் மறையும். மேலும் கீழும் கண்ணிக்கு ஒன்று. பக்கங்களில், சிங்கிள் துணியானால் வரிசைக்கு ஒன்று, டபுள் துணியானால் வரிசைக்கு இரண்டு. மூலைகளில் ஒரே இடத்தில் மூன்று. ஓரம் பாவாடை மடிப்புப் போல் நெளிந்தால் கண்ணிகள் மிகுதி. உள்ளே இழுத்துச் சுருங்கினால் குறைவு. அதற்கேற்ப மாற்றிக்கொள்க. ஆனால் வரிசைதோறும் கண்ணி விடுபட்ட துணியைச் சுற்றோரம் நேராக்காது. அதற்குப் பிரிப்பதே வழி.

பருத்தி நூல் துணியை நனைத்து, நீரைப் பிழிந்து, விரித்த துண்டின் மேல் கையால் நேர்செய்து நிழலில் உலர்த்தினால் ஓரம் படியும். கடைகளில் உல்லன் என்று விற்கப்படும் நூல்களில் பல அக்ரிலிக் ஆகும். அவற்றின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கலாகாது.

நம் பகுதியின் ஊசிவேலை

ஓரத்தைக் காக்கும் இக்கலை நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியருள் மார்த்தா அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபின், அவ்வூர்ப் பெண்களுக்கும் அதைக் கற்பித்தார். அது திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. குரோஷாவோ ஒரே ஊசியில் ஒரே நூலால் ஆவது. திண்டு லேஸில் ஓரம் குண்டூசியால் நிற்கின்றது. நம் பின்னலில் குத்தி நிறுத்த ஊசி இல்லாமையால் ஓரம் எண்ணிக்கையால் மட்டுமே நிற்கின்றது. அயர்லாந்தில் 1840களின் பெரும்பஞ்சத்தில் குரோஷா லேஸ் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதியில் இன்றும் பெண்கள் வீட்டிலிருந்தே குரோஷா லேஸ் பின்னுகின்றனர்.

குழந்தைக்குப் பின்னுவோர் கவனிக்க

கைக்குழந்தையின் பொருளில் ஓரம் என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று. தளர்ந்து தொங்கும் நூல் குழந்தையின் விரலிலோ கால்விரலிலோ சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்படும். காலுறை, கையுறைகளின் உட்புறம் இது கண்ணுக்குத் தெரியாமலே நேரும். காரணம் தெரியாமல் குழந்தை விடாது அழுதால் உறைகளைக் கழற்றி எல்லா விரல்களையும் பார்க்கவேண்டும். ஒரு விரல் மட்டும் வீங்கிச் சிவந்தோ கருநீலமாகவோ இருந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுவரவேண்டும்.

ஆகவே நூல்முனைகளை ஏறத்தாழ 15 செ.மீ. நீளம் விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியால் கண்ணிகளுக்குள் ஒரு திசையிலும், பின் எதிர்த்திசையிலும், மீண்டும் முதல் திசையிலுமாகக் கோத்து மறைக்கவேண்டும். வெறும் முடிச்சுப் போட்டு நுனியில் வெட்டினால் துவைக்கும்போது அவிழும். விரல் நுழையும் பெருங்கண் லேஸ் வேண்டா. நெருக்கமான பின்னலே உகந்தது. குஞ்சம், மணி, பொத்தான் ஆகியவற்றைத் தவிர்க்க. ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும்போது தளர்ந்த போர்வையை அதன்மேல் போடுவது மூச்சுக்கு ஆபத்து. மடியில் வைத்திருக்கும்போது மட்டும் போர்த்தலாம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எதையும் செவிலியரைக் கேட்ட பின்னரே கொடுக்கவேண்டும்.

நோயாளரே பின்னுவதானால்

நரம்பில் ஊசி ஏற்றியுள்ள கையையும், டயாலிசிஸ் செய்வோர் அதற்கென இணைப்பு வைத்துள்ள கையையும் கொண்டு பின்னலாமா என்று முதலில் கேட்கவேண்டும். நீரிழிவால் விரல் மரத்தவர்கள் கூர்மையற்ற மர ஊசியோ பிளாஸ்டிக் ஊசியோ கொள்வது நன்று. வேலை முடிந்ததும் விரல் நுனிகளைக் கண்ணால் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பக்கவாதத்துக்குப்பின் கை தேறிவருவோர் இயன்முறை மருத்துவரின் ஆலோசனைப்படி தொடங்கலாம். எவராயினும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை நீட்டி மடக்கி, கழுத்தைத் தளர்த்திக்கொள்க. உலோக ஊசியை எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டு செல்லலாகாது.

பிரித்தல்

அம்மையாரிடம் "பிரித்துவிடலாம்" என்று சொல்வது எங்களுக்கே கடினமாக இருந்தது. பத்து வரிசை என்பது அவர் விழித்திருந்த இரவுகள். ஆயினும் குரோஷாவில் பிரிப்பது இழப்பன்று. நூல் அறுபடுவதில்லை, இழுக்க இழுக்க அப்படியே உருண்டைக்குத் திரும்பிவிடும். சரியாக உள்ள வரிசை எதுவோ அதுவரை பிரித்தால் போதும். அவர் துணியில் முதல் வரிசை சரியாக இருந்ததால் அடிச்செயினைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. மகள் படுத்தபடியே நூலைச் சுற்றி உருண்டையாக்கினாள். தாய் இழுத்துக் கொடுத்தார்.

பிறகு இரண்டாம் வரிசையின் முடிவில், திருப்பச் செயினின் தலையில் ஊசியை எங்கே விடுவது என்று ஒருமுறை காட்டினோம். அவர் ஒரு சிவப்பு நூல்துண்டை அதில் கோத்துக்கொண்டார். மறுநாள் மாலை எங்களை அழைத்து, கண்ணிகளைத் தாமே விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினார். ஆறு வரிசை, ஒவ்வொன்றிலும் 40.

"அப்போ சகுனமெல்லாம் ஒண்ணுமில்ல, ஒரு கண்ணிய விட்டுட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான். எதைப் பின்னினாலும், ஓரம் கோணும்போது மனத்தைக் குறைகூறுமுன் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். உடல்நிலை பற்றிய அச்சங்களிலும் இப்பழக்கம் உதவும். பார்க்க வந்தவர் சொன்ன ஒரு சொல் உள்ளத்தை அறுத்துக்கொண்டிருந்தால், அதை அப்படியே மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும்; அதை விளக்கிச் சொல்லவும் முடியும்.